லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?

ஆய்வேட்டை இன்னும் முடிக்காத ஒருத்திக்குப் புதிய கார் எதற்கு என்று நண்பர்கள் சிலர் உட்பெட்டியில் கேட்டிருந்தனர். தாங்களும் நாள்தோறும் நெடுந்தொலைவு சென்று கற்பிப்பதாகச் சொன்ன வேறு சிலர், எந்தக் கணக்கில் எந்த வண்டியைத் தேர்ந்தேன் என்று வினவினர். இரு வினாக்களுக்கும் சேர்த்தே இந்த விடை. பதிவு நீளமானது, பொறுத்தருள்க.

முதலில் தேவை. ஐந்தாண்டு உதவித்தொகைக் காலம் முடிந்தபின், சோனிபட் மாவட்டத்தில் நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கச் சேர்ந்தேன். குடியிருப்பதோ தெற்குத் தில்லியின் முனிர்காவில். ஒரு வழித் தொலைவு 52 கிலோமீட்டர். முனிர்காவில் மெட்ரோ ஏறி, ஹௌஸ் காஸில் மஞ்சள் தடத்துக்கு மாறி, அதன் வடகோடியான சமய்பூர் பாத்லியில் இறங்கி, அங்கிருந்து பேருந்தோ பங்கு ஆட்டோவோ பிடித்தால் இரண்டரை மணி நேரம். போக வர ஐந்து மணி நேரம். வளாகத்துக்கு அருகிலேயே வீடு எடுத்திருக்கலாம். ஆனால் என் ஆய்வுக்களம் தில்லி. என்னோடு தங்கிப் படிக்கும் தம்பியின் கல்லூரியும் தில்லி. குளிர்காலத்தில் மாலை ஆறு மணிக்கே இருட்டிவிடும் நெடுஞ்சாலை ஓரத்தில், பங்கு ஆட்டோவுக்காகத் தனியே நிற்பது எப்படிப்பட்டது என்பதைப் பெண் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் எட்டு மாதங்களாக ஒரு பக்கமும் நகரவில்லை. காரைப் பற்றி எண்ணத் தொடங்கியது இந்தப் புள்ளியில்தான்.

எண்ணத் தொடங்கியதும் எதிர்ப்பட்டது மொழி. தமிழில் ‘மைலேஜ்’ என்கிறோம். நாம் மைலைக் கைவிட்டுக் கிலோமீட்டருக்கு மாறி அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. சொல் மட்டும் மாறவில்லை. தில்லியில் அதையே ‘ஏவரேஜ்’ என்பார்கள். எதன் சராசரி என்று யாரும் கேட்பதில்லை. பெயர்கள் வேறுபட்டாலும் வினைச்சொல்லில் இரு மொழிகளும் ஒன்றுபடுகின்றன. ‘எவ்வளவு கொடுக்கும்?’ என்கிறோம் நாம். ‘கித்னா தேதீ ஹை?’ என்கிறார்கள் அவர்கள். கொடுப்பவள் வண்டி, பெறுபவர் நாம். ஓட்டுபவர், சாலை, வேகம், சுமை, குளிரூட்டி ஆகிய அனைத்தையும் இந்த வாக்கியம் மறைத்துவிடுகிறது. பசு இத்தனை லிட்டர் கறக்கும் என்பதுபோல, கார் இத்தனை கிலோமீட்டர் கொடுக்கும்.

விளம்பரத்தில் காணும் எண்ணும் இப்படி மறைத்தலால் பிறந்ததே. இந்தியாவில் அறிவிக்கப்படும் எரிபொருள் திறன், சாலையில் அன்றி, ஆய்வகத்தில் உருளைகளின்மேல் வண்டியை ஓட்டி அளக்கப்படுவது. மாற்றியமைக்கப்பட்ட இந்திய ஓட்டச் சுழற்சி என்று அதற்குப் பெயர். மொத்தம் 1,180 வினாடிகள், அதாவது இருபது நிமிடத்துக்கும் குறைவு. கடக்கும் தொலைவு பத்தரைக் கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். குளிரூட்டி அணைக்கப்பட்டிருக்கும். எல்லா வண்டிகளும் ஒரே தேர்வை எழுதுவதால், வண்டிக்கு வண்டி ஒப்பிட அந்த எண் பயன்படும். நம் மாதச் செலவைக் கணக்கிட அது உதவாது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருபடிக்கேற்ப உயர்வது. மணிக்கு 80 கிலோமீட்டரில் செல்லும் வண்டி 100 கிலோமீட்டருக்கு முடுக்கப்பட்டால் அந்த எதிர்ப்பு ஒன்றரை மடங்கைத் தாண்டும். ஆகவே ஒரே கார் இருவரிடம் இரண்டு வண்டிகளாக நடந்துகொள்ளும்.

எனவே ஓட்டுபவர்களிடமே கேட்பது என்று முடிவு செய்தேன். தில்லியில் அதற்குத் தட்டுப்பாடில்லை. வாடகைக் கார்கள் பெரும்பாலும் சிஎன்ஜியில் ஓடுபவை. இரண்டு இலட்சம் கிலோமீட்டரைக் கடந்தவை ஏராளம். ஏறிய கார்களில் எல்லாம் ஓட்டுநரோடு பேச்சுக் கொடுத்தேன். விடைகளை வகைப்படுத்த என் துறையின் பழக்கம் ஒன்று உதவியது. தமிழின் ‘-உம்’ ஈற்று வினைமுற்று எதிர்காலத்தைக் குறிக்கும், வழக்கத்தைக் குறிக்கும், சில வேளை வெறும் இயலுமையையும் குறிக்கும். ‘முப்பது கொடுக்கும்’ என்ற சொல்லில் நிகழ்ந்தது எது, நம்பிக்கை எது என்று பிரித்தறிய இயலாது. இந்தியின் ‘தேதீ ஹை’யும் அத்தகையதே. ஆகவே வழக்க வடிவில் வந்த விடைகளைக் குறித்துக்கொண்டு ஒதுக்கினேன். ‘நேற்று எட்டுக் கிலோ அடித்தேன், இன்று மாலை வரை இருநூறு ஓடியது’ என்று இறந்தகாலத்தில், அளவோடு வந்தவற்றை மட்டுமே கணக்கில் சேர்த்தேன். அவை யாவும் விளம்பர எண்ணைவிடக் கணிசமாகக் குறைந்திருந்தன. தமக்குள்ளோ பெரிதும் ஒத்திருந்தன. தரவு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

நம்பகத்தன்மையை அளப்பது இதைவிடக் கடினம். வண்டி பழுதானால் தமிழில் ‘மக்கர் பண்ணுகிறது’ என்கிறோம். உருதுவில் ‘மக்ர்’ என்பதற்கு ஏமாற்று, பாசாங்கு என்று பொருள். ‘பாதி வழியில் கைவிட்டது’, ‘காலை வாரியது’ என்றும் சொல்கிறோம். ஓர் எந்திரத்தின் பிழைக்கு மனிதத் துரோகத்தின் சொற்கள். தனியே செல்பவருக்கு இது மிகையன்று. சிங்கு எல்லைக்கு அப்பால் சனவரி மூடுபனியில் வண்டி நின்றுவிட்டால், பின்னால் வரும் லாரிக்கு நாம் தென்படுவதற்கு ஒரு கணமே இருக்கும். எனவே என் அகராதியில் நம்பகம் என்பதற்கு முதற்பொருள், நிற்கக் கூடாத இடத்தில் நில்லாமை. இரண்டாம் பொருள், நின்றாலும் அண்மையில் சரிசெய்ய ஆள் இருத்தல், உதிரிபாகம் அன்றே கிடைத்தல்.

வாடகைக் கார்களைச் சான்றாகக் கொள்வதில் ஒரு குறை உண்டு என்பதை ஆய்வு மாணவர்கள் உடனே சுட்டுவார்கள். என் எதிரே வந்து நிற்பவை இன்னும் ஓடிக்கொண்டிருப்பவை மட்டுமே. ஓய்ந்துபோனவை சாட்சி சொல்ல வருவதில்லை. அந்தக் குறையை ஈடுசெய்யப் பழுதுபார்ப்போரிடம் சென்றேன். எந்த வண்டி நல்லது என்று அவர்களிடம் கேட்கவில்லை. எந்த உறுப்பு எத்தனை கிலோமீட்டரில் மாற்ற வருகிறது, அது கடையில் இருப்பில் உண்டா, என்ன விலை என்று கேட்டேன். புதிதாக வந்த சிக்கலான தொழில்நுட்பங்களைவிட, பல இலட்சம் எண்ணிக்கையில் சாலையில் ஓடும் எளிய எந்திரமே எனக்கு ஏற்றது என்ற முடிவை அந்த விடைகளே தந்தன.

உத்தரவாதத்திலும் ஒரு நுட்பம் உண்டு. ஆண்டைப் பார்க்கிறோம், கிலோமீட்டரைப் பார்ப்பதில்லை. மாருதி நிறுவனம் 2024 சூலையில் தன் அடிப்படை உத்தரவாதத்தை 2 ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டர் என்பதிலிருந்து 3 ஆண்டு அல்லது 1,00,000 கிலோமீட்டர் என உயர்த்தியது. நான் ஆண்டுக்கு ஏறத்தாழ 27,000 கிலோமீட்டர் ஓட்டுபவள். பழைய வரம்பு எனக்கு ஒன்றரை ஆண்டில் முடிந்திருக்கும். புதிய வரம்பு மூன்று ஆண்டும் முழுமையாகக் காக்கும். நெடுந்தொலைவுப் பயணிகள் இதை முதலில் பார்க்க வேண்டும். பழைய கார் வாங்காமல் புதியதை நாடியதற்கும் இதுவே காரணம். ஒரு பழைய வண்டியின் கடந்த காலத்தை அறிய நம்மிடம் நம்பத்தக்க வழி குறைவு.

இனி எரிபொருள். நான்கு வழிகள் இருந்தன.

டீசல்: ஒருகாலத்தில் இத்தனை தொலைவு ஓடுபவருக்கு டீசலைத்தான் பரிந்துரைப்பார்கள். ஆனால் தலைநகர் வட்டாரத்தில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குத் தடை விதித்த பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணையை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில் அத்தகைய வண்டிகளின் உரிமையாளர்கள்மீது கட்டாய நடவடிக்கை வேண்டாம் என்று அதே நீதிமன்றம் கூறியது. விதிகள் இவ்வாறு மாறும் ஊரில், வண்டியின் ஆயுளைப் பொறியாளர் மட்டும் தீர்மானிப்பதில்லை. தவிரவும், சிறு கார்களில் டீசல் ஏறக்குறைய மறைந்துவிட்டது.

மின்சாரம்: கணக்கில் இதற்கு நிகரில்லை. மாதம் 2,300 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 320 யூனிட் போதும். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தாலும் 2,600 ரூபாய்க்குள் முடியும். ஆனால் நான் இருப்பது சந்துக்குள் ஒரு வாடகை வீட்டின் மூன்றாம் தளம். வண்டி நிறுத்த உறுதியான இடமே இல்லாதவள் மின்னேற்றும் இணைப்பை எங்கே கேட்பது? மிகக் குறைந்த செலவில் பயணம் செய்யும் வாய்ப்பு, சொந்த வீடும் சொந்த நிறுத்திடமும் உள்ளவருக்கே முதலில் கிட்டுகிறது. மின்வாகனம் பற்றிய உரையாடல்களில் இது போதிய அளவு பேசப்படுவதில்லை.

கலப்பின வண்டி: பெட்ரோல் எந்திரத்தோடு மின்மோட்டாரும் கொண்ட கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் ஆகியவற்றின் அறிவிக்கப்பட்ட திறன் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர். நின்று நின்று செல்லும் நகரச் சாலையில், தடைபோடும்போது வீணாகும் ஆற்றலை மீட்பதே இவற்றின் வலிமை. என் பாதையில் பாதி நெடுஞ்சாலை. மேலும் இவை நான்கு மீட்டர் நீளத்தைக் கடந்தவை. குறைந்த வரிக்குள் வாரா. மாதம் இரண்டாயிரம் ரூபாய் எரிபொருளை மிச்சப்படுத்தப் பல இலட்சம் கூடுதலாகக் கடன் வாங்குவது பொருந்தவில்லை.

நான்கு மீட்டர் என்ற எல்லை சுவையானது. 2006ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கை சிறு கார்களுக்கு வரியைக் குறைத்தபோது பிறந்தது அது. 2008இல் நான்கு மீட்டரைத் தாண்டி வந்த டிசையர், 2012இல் பின்புறம் குறுக்கப்பட்டு 3,995 மில்லிமீட்டராக மீண்டும் வந்தது. இலக்கணம் சொல்லைச் செதுக்குவதுபோல வரிச்சட்டம் தகரத்தைச் செதுக்கியிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் இந்தச் சிறு கார்களுக்கான சரக்கு, சேவை வரி 18 விழுக்காடாகக் குறைந்தது. நான் காத்திருந்ததன் பயன் அது.

எஞ்சியவை பெட்ரோலும் சிஎன்ஜியும். இப்போதைய பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால். எத்தனாலின் ஆற்றல், லிட்டர் அளவில் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய வடிவமைப்புக் கார்களில் இதனால் எரிபொருள் திறன் 6 முதல் 7 விழுக்காடும், இதற்கெனச் சீரமைக்கப்பட்டவற்றில் 1 முதல் 2 விழுக்காடும் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை மதிப்பிட்டது. இதையும் சேர்த்தே, பெட்ரோலுக்கு லிட்டருக்கு 19 கிலோமீட்டர் என்று எடுத்துக்கொண்டேன். லிட்டர் 95 ரூபாய் எனில் மாதம் 11,500. சிஎன்ஜிக்குக் கிலோவுக்கு 26 கிலோமீட்டர். கிலோ 77 ரூபாய் எனில் மாதம் 6,800. வேறுபாடு 4,700 ரூபாய். சிஎன்ஜி வடிவத்துக்குக் கூடுதல் விலை ஏறத்தாழ 95,000. இருபது மாதங்களில் அது திரும்பிவிடும்.

ரூபாய்க் கணக்கு அத்துடன் முடிந்தது. நேரக் கணக்கு முடியவில்லை. உருளையில் எட்டுக் கிலோ அளவே பிடிக்கும்; இரண்டு நாளுக்கு ஒருமுறை நிரப்ப வேண்டும். மாலை வரிசையில் இருபது நிமிடம் நின்றால் மாதத்துக்கு மூன்றரை மணி நேரத்துக்கு மேல். நிரப்பும்போது வண்டியிலிருந்து இறங்கி நிற்கவும் வேண்டும். இரவில் அதை நான் விரும்பவில்லை. வளாகத்தை அடுத்த நிலையத்தில் நண்பகலில் வரிசை குறைவு என்பதை இரண்டு வாரம் கவனித்து உறுதி செய்தபின்னரே முடிவுக்கு வந்தேன். பின்பெட்டியின் பெரும்பகுதியை உருளை விழுங்கும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை உருளைக்கு அழுத்தச் சோதனை கட்டாயம். இவற்றுக்கு எதிராக ஒரு நன்மை: சிஎன்ஜி தீர்ந்தால் ஒரு விசையில் பெட்ரோலுக்கு மாறலாம். நில்லாமையே நம்பகம் எனில், இரண்டு எரிபொருள் தாங்கும் வண்டி ஒன்றைத் தாங்குவதைவிட நம்பகமானது.

இறுதியில் வாங்கியது டிசையரின் சிஎன்ஜி வடிவம். அறிவிக்கப்பட்ட திறன் கிலோவுக்கு 33.73 கிலோமீட்டர்; நான் நம்பியது 26. இந்தத் தலைமுறை வண்டி 2024 நவம்பரில் குளோபல் என்கேப் மோதல் சோதனையில், வயதுவந்தோர் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரம் பெற்றது. ஆறு காற்றுப்பைகளும் நிலைப்புக் கட்டுப்பாடும் எல்லா வடிவங்களிலும் உள்ளன. மூடுபனிச் சாலைக்கு இவை எரிபொருள் திறனுக்கும் முந்தியவை. தானியங்கிப் பல்லிணை இந்த சிஎன்ஜி வடிவத்தில் இல்லை. ரிங் ரோட்டின் மாலை நெரிசலில் இடது முழங்கால் அதற்கான விலையைத் தருகிறது.

விற்பனையகம் ஒன்றில் நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். என் வினாக்களுக்கான விடைகளையெல்லாம் உடன் வந்த தம்பியைப் பார்த்தே சொன்னார் அங்கிருந்தவர். தம்பிக்கு ஓட்டுநர் உரிமமே இல்லை. ‘மேடத்துக்கு நிறம் காட்டட்டுமா?’ என்று மட்டும் என்னிடம் கேட்டார். உத்தரவாதத்தின் கிலோமீட்டர் வரம்பைக் கேட்டேன்; அதற்கும் தம்பியிடமே விடை சொன்னார். நாங்கள் வேறு இடத்தில் வாங்கினோம். காப்பீட்டை விற்பனையகத்திலேயே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதையும் தோழியர் நினைவில் கொள்க; வெளியில் விலை கேட்டுச் சென்றால் பேச்சின் தொனியே மாறுகிறது.

சாலைக்கு வரும்போது விலை ஒன்பது இலட்சத்தை நெருங்கியது. ஆறரை இலட்சம் கடன். ஒன்பது விழுக்காடு வட்டியில் ஏழு ஆண்டுத் தவணை மாதம் 10,460 ரூபாய். ஐந்து ஆண்டு எனில் 13,500. முதலாவது இனிமையாகத் தெரியும். ஆனால் மொத்த வட்டி ஏறத்தாழ 69,000 ரூபாய் கூடும். ஐந்து ஆண்டைத் தேர்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ரிட்டாலாவிலிருந்து நரேலா வழியாகக் குண்ட்லியை அடுத்த நாதுபூர் வரையான மெட்ரோ தடத்துக்கு 2024 திசம்பரில் நடுவண் அமைச்சரவை ஒப்புதல் தந்தது. நான்கு ஆண்டில் முடிப்பது திட்டம். அந்தத் தடம் வரும் நாளில் இந்தக் கார் எனக்குத் தேவையற்றதாகிவிடக் கூடும். தேவை தீர்ந்தபின்னும் கடன் கட்டுவானேன்?

அந்த நரேலா என் ஆய்வின் ஊரும்கூட. தில்லியின் தமிழ்த் தொழிலாளர் குடியிருப்புகளின் பேச்சு வழக்கே என் பொருள். சங்புராவில் பாராபுல்லா வடிகாலை ஒட்டி இருந்த மதராசி கேம்ப் 2025 சூன் 1 அன்று இடிக்கப்பட்டது. 370 வீடுகள். அவற்றுள் 189 குடும்பங்களே நரேலாவில் மாற்று வீடு பெறத் தகுதியானவை என்று கணிக்கப்பட்டன. சங்புராவைச் சுற்றிய வீடுகளில் வேலை செய்த பெண்களின் வேலை அங்கேயே இருக்க, வீடு நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் போயிற்று. தில்லி அரசுப் பேருந்துகளில் 2019 அக்டோபர் முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எனவே அவர்கள் பயணத்துக்குக் கொடுப்பது பணத்தை அன்று, உறக்கத்தை.

புதிய வண்டியில் முதன்முறை களத்துக்குச் சென்றபோது, எனக்கு நெடுநாள் பழக்கமான அக்கா ஒருவர் அதைச் சுற்றி வந்து பார்த்தார். எவ்வளவு கொடுக்கும் என்று அவர் கேட்கவில்லை. ‘ஏம் பாப்பா, இதுல எத்தினி பேரு உக்காரலாம்?’ என்றார். ஐந்து பேர் என்றேன். காலையில் தம்மையும் இன்னும் மூவரையும் சங்புராவில் விட முடியுமா என்று கேட்டார். நான் காலையில் தெற்கிலிருந்து வடக்கே வருகிறேன். அவர்கள் வடக்கிலிருந்து தெற்கே செல்கிறார்கள். மாலையில் இருவர் திசையும் தலைகீழாகும். ஒரே சாலை, ஒரே நேரம், எதிரெதிர்த் திசை. விளக்கியபோது சிரித்துவிட்டு, ‘அப்ப நடுவுல எங்கனா பாத்தா ஆரன் அடி’ என்றார்.

எத்தனை மாதங்களாக எத்தனை அட்டவணைகள் போட்டேன். ஒன்றிலும் இருக்கைக்கான நெடுவரிசை இல்லை. கிலோவுக்கு 26 கிலோமீட்டர் என்பது ஒருத்தி செல்லும்போதுதான் 26. நால்வர் சென்றால் ஆளுக்குக் கணக்கிட 104. எந்தத் தொழில்நுட்பமும் தராத முன்னேற்றம் அது. இப்போது வாரத்தில் மூன்று நாள் முகர்பா சௌக்கில் இரண்டு சக ஆசிரியர்கள் ஏறிக்கொள்கிறார்கள். நான்கு மாத அளவீட்டில், நிரப்பியதற்கும் மறுமுறை நிரப்பியதற்கும் இடையே ஓடிய தொலைவைக் கொண்டு கணக்கிட்டால், வண்டி கிலோவுக்கு 27 கொடுத்தது. ‘கொடுக்கும்’ என்று எழுதவில்லை என்பதைக் கவனிக்க.

நாளொன்றுக்கு மிஞ்சும் நேரம் ஒன்றே முக்கால் மணி. மூன்றாம் அத்தியாயம் நெறியாளரிடம் சென்றுவிட்டது. நரேலாவுக்குச் சனிக்கிழமைகளில் செல்கிறேன். அன்று திரும்பும்போது, உறவினர் வீட்டுக்கோ மருத்துவமனைக்கோ தெற்கே செல்ல வேண்டியவர்கள் யாரேனும் ஏறிக்கொள்கிறார்கள். சனிக்கிழமை மட்டும் எங்கள் திசை ஒன்று.